கம்பெனி வண்டிக்கு ஏன் இத்தனை பளபளப்பு?

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று ஒரு பழமொழி உண்டு. அடுத்தவன் பொருள் என்றால் மனிதனின் கை கணக்குப் பார்க்காது என்பதுதான் அதன் பொருள். வாடகை வீட்டுக்கு யாரும் சொந்தக் காசில் வெள்ளையடிப்பதில்லை. வாடகை சைக்கிளின் செயினுக்கு யாரும் எண்ணெய் விடுவதில்லை. உலக வழக்கம் இதுதான்.

ஆனால் இந்த வழக்கத்துக்கு நேர் எதிராக நடந்துகொண்ட ஒரு கூட்டம் வரலாற்றில் உண்டு. வண்டியோட்டிகள்! முதலாளியின் குதிரைக்குத் தன் காசில் பித்தளை வில்லை வாங்கி மாட்டிய பார வண்டிக்காரர், ரயில்வே கம்பெனியின் இன்ஜினில் தன் சொந்த விசிலைப் பொருத்திக்கொண்ட டிரைவர், தன் பெயரில் ஒரு திருகாணிகூட இல்லாத லாரியைத் துடைத்துத் துடைத்து ஓட்டும் லாரி டிரைவர் என்று அந்த வரிசை நீளமானது.

தனக்குச் சொந்தமில்லாத வண்டியை ஒருவர் ஏன் இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்? எப்போது பார்த்துக்கொள்கிறார், எப்போது கைவிடுகிறார்? கடந்த 150 ஆண்டுகளின் வரலாற்றைப் புரட்டினால் இதற்கு ஓரளவு தெளிவான பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் கொஞ்சம் சங்கடமானதும்கூட.

18 ஷில்லிங் வாடகை

முதலில் ஒரு நாவல். இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா சீவெல் எழுதி 1877-இல் வெளிவந்த 'பிளாக் பியூட்டி'. ஒரு குதிரை தன் கதையைத் தானே சொல்வதாக எழுதப்பட்டது. அன்னா சீவெல் எழுதிய ஒரே நாவல் இது. வெளிவந்த சில மாதங்களில், 1878-இல், அவர் இறந்துவிட்டார்.

அதில் லண்டனில் வாடகைக் குதிரை வண்டி ஓட்டும் இரண்டு பேர் வருகிறார்கள். ஜெர்ரி என்பவருக்கு வண்டியும் குதிரைகளும் சொந்தம். குதிரையைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார். இன்னொருவர் சாம். அவருக்கு வண்டி சொந்தமில்லை. வண்டியையும் இரண்டு குதிரைகளையும் நாளொன்றுக்கு 18 ஷில்லிங் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். அந்த 18 ஷில்லிங்கைச் சம்பாதித்து முடித்த பிறகு வருவதுதான் அவர் குடும்பத்துக்கு. குதிரை களைத்துப்போனாலும் ஓட்டித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கடைசியில் சாம் நோயில் விழுந்து இறந்துபோகிறார்.

இதைப் படித்தவுடன் "பார்த்தீர்களா, சொந்தம் என்றால்தான் அக்கறை வரும்" என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அன்னா சீவெல் சாமைக் கெட்டவராகக் காட்டவில்லை. குதிரையை வதைப்பது சாமின் குணமல்ல, அந்த 18 ஷில்லிங் கணக்கு. சொந்தமில்லை என்பதைவிட, மூச்சு விட நேரமில்லை என்பதே அங்கே பிரச்சினை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் கடைசியில் சாம் மறுபடியும் வருவார்.

ரீஜண்ட்ஸ் பார்க்கில் ஒரு திருவிழா

நாவல் வந்து எட்டே ஆண்டுகளில், 1885-இல், லண்டனில் ஒரு புதுமை நடந்தது. 'லண்டன் கார்ட் ஹார்ஸ் பரேட்' என்ற பார வண்டிக் குதிரைகளின் அணிவகுப்பு தொடங்கியது. அந்தக் காலத்து லண்டனில் மதுபான ஆலைகள், நிலக்கரி வியாபாரிகள், ரயில்வே கம்பெனிகள் என எல்லோருடைய சரக்கையும் தெருவில் இழுத்தவை குதிரைகள்தான். இன்றைய லாரிகளின் இடத்தில் அவை இருந்தன. அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். வண்டியும் குதிரையும் கம்பெனியுடையவை.

அணிவகுப்பின் நோக்கம், ஓட்டுகிறவர்கள் தங்கள் குதிரைகள்மீது அக்கறை காட்டத் தூண்டுவது. அதனால் குதிரையின் முதலாளியோடு நிற்காமல், ஓட்டுகிறவரையே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். வேலைக் குதிரையை நன்றாக வைத்திருந்த வண்டிக்காரருக்கு எல்லோர் முன்னாலும் பாராட்டு கிடைத்தது. ரீஜண்ட்ஸ் பார்க்கில் நடந்த இந்த விழா ஊருக்கே ஒரு திருவிழாவாக மாறிவிட்டது. 1904-இல் இலகு ரக வேன்களை இழுக்கும் குதிரைகளுக்கென்று தனியாக இன்னொரு அணிவகுப்பு தொடங்கியது. 1966-இல் இரண்டும் ஒன்றாக இணைந்தன.

அணிவகுப்புக்கு முன் இரவில் வண்டிக்காரர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று கற்பனை செய்வது கடினமில்லை. சேணத்தின் தோலை மெருகேற்ற வேண்டும். பிடரி மயிரைப் பின்னி ரிப்பன் கட்ட வேண்டும். பித்தளை வில்லைகளைப் பொன் போலத் துலக்க வேண்டும். பிரிட்டனில் 'ஹார்ஸ் பிராஸ்' எனப்படும் அந்த வில்லைகள் இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடும் பொருள். அவற்றில் பலவற்றைக் கம்பெனி வாங்கித் தரவில்லை. வண்டிக்காரர்களே தங்கள் சொற்பக் கூலியிலிருந்து வாங்கியவை. குதிரை முதலாளிக்கு, பித்தளை வண்டிக்காரருக்கு!

கேபினில் எழுதிய பெயர்

அதே காலத்தில் ரயில்வேயில் இன்னும் ஆழமாக யோசித்த ஒருவர் இருந்தார். வில்லியம் ஸ்ட்ரவுட்லி. லண்டனுக்கும் தெற்குக் கடற்கரைக்கும் ரயில் ஓட்டிய 'லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட்' ரயில்வேயின் இன்ஜின் பிரிவுத் தலைவராக 1870-இல் பொறுப்பேற்றவர்.

அவர் இன்ஜின்களுக்கு ஒருவித மஞ்சள் காவி நிறம் அடித்தார். அந்த நிறத்துக்கு 'மேம்படுத்தப்பட்ட இன்ஜின் பச்சை' என்று பெயர்! மஞ்சளுக்கு ஏன் பச்சை என்று பெயர் வந்தது என்று ரயில் ஆர்வலர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். இன்ஜின்கள் பலவற்றுக்கு அந்தப் பகுதி ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்.

ஆனால் அவர் செய்த முக்கியமான காரியம் வேறு. ஒரு இன்ஜினுக்கு ஒரு டிரைவர் என்று ஒதுக்கி, அந்த டிரைவரின் பெயரை இன்ஜினின் கேபினுக்குள்ளேயே எழுதவைத்தார். இன்ஜின் கம்பெனியுடையது, அதன் விலையை ஒரு டிரைவர் ஏழேழு ஜென்மம் உழைத்தாலும் சம்பாதிக்க முடியாது. ஆனால் உள்ளே இருப்பது அவர் பெயர். இனி அந்த இன்ஜின் அழுக்காக நின்றால் கேள்வி யாரை நோக்கி வரும்? நடு வழியில் நின்றுபோனால் யாருக்கு அவமானம்?

ஸ்ட்ரவுட்லி கம்பெனிக்குப் பெரிய செலவு எதையும் வைக்கவில்லை. கொஞ்சம் பெயின்ட், அவ்வளவுதான். அவருடைய 'கிளாட்ஸ்டன்' என்ற இன்ஜின் 1882-இல் கட்டப்பட்டது. இன்றும் யார்க் நகரத்து தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் அந்த மஞ்சள் நிறத்தோடு நிற்கிறது.

இன்ஜினைப் பார்த்துக்கொள்வதில் அழகு மட்டும் இல்லை. நீராவி இன்ஜின்கள் ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்று நிலக்கரியை அதிகம் தின்னும். ஒன்றின் தாங்கி சீக்கிரம் சூடேறும். ஒரே இன்ஜினைப் பல ஆண்டுகள் ஓட்டுகிறவருக்குத்தான் அதன் சத்தம் மாறுவது காதில் படும். துடைக்கும்போதுதான் விரிசல் கண்ணில் படும், கழன்ற ஆணி கையில் தட்டுப்படும். ஆக, துடைப்பது என்பது பாதிக்குப் பாதி சோதனை. இன்றைக்கும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் லாரி டிரைவர்கள் வண்டியை எடுப்பதற்கு முன் டயர், விளக்கு, பிரேக் எல்லாம் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும் என்பது விதி.

லிசோனும் சொந்த விசிலும்

பிரான்சில் எமில் ஜோலா 1890-இல் ஒரு நாவல் வெளியிட்டார். தமிழில் சொன்னால் 'மனித மிருகம்'. அதற்காக அவர் 1889-இல் பாரிஸிலிருந்து இன்ஜினிலேயே ஏறிப் பயணம் செய்து பார்த்தார். கதாநாயகன் ஜாக் லாந்தியே ஒரு ரயில் டிரைவர். கம்பெனியின் இன்ஜினை அவன் 'லிசோன்' என்று பெயர் சொல்லி, ஒரு பெண்ணை நேசிப்பது போல நேசிக்கிறான். ஆனால் ஜோலா கவிஞர் மட்டுமல்ல, கணக்குத் தெரிந்தவரும்கூட. லிசோன் குறைந்த நிலக்கரியில் ஓடும் இன்ஜின். நிலக்கரி மிச்சம் பிடித்தால் டிரைவருக்குக் கம்பெனி ஊக்கத்தொகை தரும். காதலுக்குள் கொஞ்சம் காசும் இருந்தது!

அமெரிக்காவில் இதைவிடப் பிரபலமான உண்மை மனிதர் ஒருவர் உண்டு. பாடல்களில் இடம்பிடித்த கேசி ஜோன்ஸ். இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயின் டிரைவர். அவரிடம் ஆறு குழல்கள் கொண்ட ஒரு விசில் இருந்தது. அது அவருடைய சொந்த விசில். 638-ஆம் எண் இன்ஜினில் பொருத்தியிருந்தார். 1900-இல் பயணிகள் ரயிலுக்கு மாறியபோது அதைக் கழற்றிக்கொண்டு போய் 382-ஆம் எண் இன்ஜினில் மாட்டினார். விசிலின் சத்தத்தை வைத்தே "கேசி போகிறார்" என்று பாதையோர மக்கள் அறிந்துகொண்டார்கள்.

1900 ஏப்ரல் 30 அதிகாலை மிசிசிப்பி மாநிலத்தின் வான் என்ற இடத்தில் அவருடைய ரயில், பாதையை விட்டு முழுதாக ஒதுங்காமல் நின்ற ஒரு சரக்கு ரயிலின் பின்பகுதியில் மோதியது. இன்ஜினில் கூட இருந்த சிம் வெப் குதித்துத் தப்பினார். கேசி கடைசிவரை வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தார். அந்த விபத்தில் இறந்தவர் அவர் ஒருவர்தான்.

யாருக்கும் சொந்தமில்லாத இன்ஜின்

கேசி இறந்த அந்தக் காலத்திலேயே அவர் வாழ்ந்த முறையும் இறந்துகொண்டிருந்தது. காரணம் எளிய கணக்கு.

டிரைவருக்கு உறக்கம் வேண்டும். இன்ஜினுக்கு வேண்டாம். ஒரு இன்ஜினுக்கு ஒரே டிரைவர் என்றால் அவர் உறங்கும் நேரமெல்லாம் விலையுயர்ந்த இன்ஜினும் சும்மா நிற்கும். சரக்கு பெருகப் பெருக இது கம்பெனிகளின் கண்ணை உறுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ரயில்வேக்கள் பல 'பூலிங்' முறைக்கு மாறின. முதலில் தயாராகும் இன்ஜின், முதலில் தயாராக இருக்கும் டிரைவருக்கு. இன்று ஒன்று, நாளை வேறொன்று.

ஒரே இன்ஜின் மாதத்தில் அதிக மைல்கள் ஓடியது. குறைவான இன்ஜின்களை வைத்தே வேலை நடந்தது. ஆனால் மறுபக்கமும் இருந்தது. நாளை வேறொருவர் ஓட்டப்போகும் இன்ஜினின் சின்னக் கோளாறை இன்று யார் எழுதிவைப்பார்? அலங்காரங்கள் மறைந்தன. பித்தளை மங்கியது. பராமரிப்புச் செலவு கூடுகிறது என்று அக்காலத்து ரயில்வே அதிகாரிகளே வாதிட்டார்கள். "மிச்சம் பிடித்தது அதிகமா, பாழானது அதிகமா?" என்ற அந்த விவாதம் பல ஆண்டுகள் நடந்தது.

பிரான்சில் டிரைவரோடு இன்ஜினைப் பிணைக்கும் முறை நெடுங்காலம் நீடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கேயும் மாற்றம் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கட்டப்பட்ட '141 ஆர்' வகை இன்ஜின்கள் 1,340-க்கு பிரான்ஸ் ஆர்டர் கொடுத்தது. வரும் வழியில் கப்பல் மூழ்கியதில் 17 இன்ஜின்கள் கடலுக்குள் போயின. மீதம் 1,323 வந்து சேர்ந்தன. இவை முரட்டு இன்ஜின்கள், யார் கையில் கொடுத்தாலும் தாங்கும். பல குழுக்கள் மாறி மாறி ஓட்டுவதற்கு வசதியானவை. மனிதனின் அக்கறை குறைந்தாலும் ஓடக்கூடிய இயந்திரத்தைச் செய்வது என்பதும் ஒரு பதில்தான்! பொறியியல் ரீதியில் அது நல்ல பதில். ஆனால் அந்த இன்ஜினுக்கு லிசோன் என்று யாராவது பெயர் வைப்பார்களா?

பெண் பெயர் சூட்டிய லாரிகள்

இப்போது லாரிக்கு வருவோம். இங்கிலாந்தின் வடமேற்கில் கம்ப்ரியா பகுதியில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்று ஒரு கிராமம். அங்கே எடி ஸ்டோபார்ட் என்பவர் விவசாயத்துக்கான வேலைகளை ஒப்பந்தத்தில் செய்துவந்தார். அவருடைய மகன் எட்வர்ட் ஸ்டோபார்ட் (1954-2011) லாரித் தொழிலைக் கையில் எடுத்து, 1976-இல் கார்லைல் நகரத்துக்கு மாற்றினார். கம்பெனிக்குத் தந்தையின் பெயரே நிலைத்தது.

அன்றைய பிரிட்டனில் லாரி டிரைவர் என்றால் கசங்கிய உடை, அழுக்கு வண்டி என்பதுதான் மக்கள் மனதில் இருந்த படம். எட்வர்ட் அதைத் தலைகீழாக்கினார். லாரிகள் எப்போதும் கழுவிச் சுத்தமாக இருக்க வேண்டும். டிரைவர்கள் காலர் சட்டையும் டையும் அணிய வேண்டும். லாரி டிரைவருக்கு டையா என்று சிரித்தவர்கள் உண்டு.

இதோடு ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பெண்ணின் பெயர். முதல் லாரிக்கு 'ட்விக்கி', அந்தக் காலத்து மாடல் அழகியின் பெயர். அடுத்து வந்தவை டாமி, டாலி, சூசி. டாமி வைனெட், டாலி பார்ட்டன், சூசி குவாட்ரோ என்ற பாடகிகளின் பெயர்கள்.

விளைவு யாரும் எதிர்பாராதது. நீண்ட கார்ப் பயணங்களில் குழந்தைகள் ஸ்டோபார்ட் லாரிகளை எண்ணத் தொடங்கினார்கள். யார் அதிகப் பெயர்களைப் பார்த்தார்கள் என்று போட்டி. பிறகு ரசிகர் மன்றமே வந்தது! உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கையசைக்கும் ரசிகர்களுக்கு டிரைவர்கள் பதிலுக்குக் கையசைத்து ஹாரன் அடிக்க வேண்டும் என்பதும் கம்பெனியின் வழக்கமானது. ஹன்டர் டேவிஸ் இந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

லண்டன் பூங்காவில் நடந்த அணிவகுப்பு இங்கே நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. பார்க்க ஆள் இருந்தால் துடைக்க மனம் வரும். ஸ்ட்ரவுட்லி டிரைவரின் பெயரை உள்ளே எழுதினார். ஸ்டோபார்ட் வண்டியின் பெயரை வெளியே எழுதினார். அந்த நிறுவனம் 2004-இல் எட்வர்டின் கையை விட்டுப் போனது. 2011-இல், 56 வயதில், அவர் இறந்தார். தந்தை எடி 2024-இல் தம் 95-ஆவது வயதில் காலமானார்.

பெருமைக்கு யார் கூலி கொடுப்பது?

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். இதில் லாபம் யாருக்கு? சொந்தக் காசில் பித்தளை வாங்கியவர் வண்டிக்காரர். குதிரை பல ஆண்டுகள் கூடுதலாக உழைத்ததால் பயன் பெற்றவர் முதலாளி. விடுமுறை நாளில் துலக்கிய நேரத்துக்கு யாரும் கூலி தரவில்லை. பரிசும் கைதட்டலும் சம்பள உயர்வைவிட மலிவானவை என்பது எந்த முதலாளிக்கும் தெரியாத ரகசியமில்லை.

வண்டிக்காரர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1911 ஆகஸ்டில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் பார வண்டிக்காரர்களும் இறங்கினார்கள். ஆண்டுதோறும் அணிவகுப்பில் பளபளத்த அதே தொழிலைச் சேர்ந்தவர்கள்தான். குதிரையை நேசித்தார்கள் என்பதால் குறைந்த கூலியை ஏற்றுக்கொண்டார்கள் என்று யாரும் தப்புக் கணக்குப் போடக் கூடாது. வண்டிமீது பெருமையும் கூலிமீது கோபமும் ஒரே மனதில் இருக்க முடியும்.

இன்றைய அமெரிக்காவில் இந்தக் கதைக்கு ஒரு புது வடிவம் உண்டு. நெடுந்தூர லாரி டிரைவர் வாரக்கணக்கில் வண்டியிலேயே உறங்கி எழுகிறார். அவருக்கு அந்தக் கேபின்தான் வீடு. ஒரே வண்டியைத் தொடர்ந்து கொடுத்தால் திரை மாட்டி, மெத்தை போட்டு, வீடு போல வைத்துக்கொள்கிறார். 'ஸ்லிப் சீட்டிங்' என்று, ஒருவர் இறங்கியதும் இன்னொருவரை ஏற்றும் முறை வந்தால் அந்த வீடு லாட்ஜ் அறையாகிவிடுகிறது. பழைய பூலிங் விவாதம் சக்கரம் மாறி வந்து நிற்கிறது.

சில நிறுவனங்கள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. "லாரியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், தவணையை வாராவாரம் உங்கள் வருமானத்தில் பிடித்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். குத்தகை-கொள்முதல் திட்டம் என்று பெயர். சொந்தம் என்ற சொல் இனிக்கிறது. ஆனால் சரக்கு குறைந்த வாரத்திலும் தவணை குறையாது. வேலையை விட்டால் பெரும்பாலும் வண்டியும் போய்விடும், கட்டிய பணமும் போய்விடும். இதை ஆராய அமெரிக்க அரசு அமைத்த குழு, இத்தகைய திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது.

சாம் ஞாபகம் வருகிறாரா? 18 ஷில்லிங் வாடகையை முதலில் கட்டிவிட்டுப் பிறகு தன் வயிற்றைப் பார்த்த அதே சாம்தான். குதிரை போய் டீசல் வந்திருக்கிறது, கணக்கு மாறவில்லை.

ஆக, முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அக்கறைக்குச் சொந்தப் பத்திரம் தேவையில்லை. கேசிக்கு அது இல்லை, லண்டன் வண்டிக்காரர்களுக்கும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தவை வேறு: நாளையும் அதே வண்டி என்ற நம்பிக்கை, அதைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம், பார்த்துக்கொண்டதைக் கவனிக்க நாலு கண்கள். இந்த மூன்றும் இருந்த இடத்தில் கூலிக்காரர்கள் அடுத்தவர் வண்டியைத் தங்கள் வண்டியாக்கிக்கொண்டார்கள். இவை பறிபோன இடத்தில், "சொந்தம்" என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் அக்கறை காட்ட அவர்களுக்கு அவகாசம் இல்லை.

ஊரார் வீட்டு நெய்யைப் பற்றிய பழமொழி பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அடுத்த முறை நெடுஞ்சாலையில் பளபளவென்று ஒரு கம்பெனி லாரி கடந்து போனால் அதன் முதலாளி யார் என்று மட்டும் பார்க்காமல், அதைத் துடைத்த கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்றும் யோசித்துப் பார்க்கலாம்.